உள்தாழ்ப்பாள்

பர்மாத் தேக்குக் கதவைக் குறை சொல்லி
பள்ளத்தூரில் யாரும் கேட்டதில்லை.
அன்றைக்கு நான் சொன்னேன்.
இரண்டு உளி மழுங்கியும் ஒரு செதில் பெயரவில்லை.
உள்ளே சாத்தப்ப செட்டியார்
ஈரத் தரையில் கிடக்கிறார்.

விழுந்தது ஆறரைக்கு.
என் போன் அடித்தது ஏழேகாலுக்கு.
நடுவில் முக்கால் மணி நேரம்
சிகப்பி ஆச்சி கதவை உள்ளங்கையால் தட்டியிருக்கிறார்.
நான் போனபோது குரல் போய்விட்டிருந்தது,
கை மட்டும் தட்டிக்கொண்டிருந்தது.
உள்ளிருந்து மோதிரம் வாளியில் மோதும் சத்தம்.
இரண்டு தட்டு. கொஞ்சம் சும்மா.
இரண்டு தட்டு.

உள்பக்கம் திறக்கிற கதவு,
அவர் காலே அதற்கு முட்டுக்கட்டை.
மேல் ஜன்னல் கண்ணாடியை உடைத்து
என்னோடு வேலைக்கு வந்த துரைப்பாண்டியை இறக்கினேன்.
ஒல்லிப்பயல், அன்றைக்குப் பிரயோசனப்பட்டான்.

இடுப்பு தப்பியது.
வலது மணிக்கட்டு தப்பவில்லை.

அடுத்த வாரம் பெங்களூர் மகள்
போனில் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல
செட்டியார் தலையாட்டினார்.
சுவரில் கைப்பிடியா, போடுங்க.
(முட்டைச் சுண்ணாம்புச் சுவர்
மூன்று டிரில் பிட்டைத் தின்றுவிட்டுத்தான் வழிவிட்டது.)
ரப்பர் விரிப்பா, போடுங்க.
ராத்திரி விளக்கா, சரி.
கழுத்தில் மாட்டுகிற மணியா,
அதைச் சட்டை ஸ்டாண்டில் மாட்டுங்க.

தாழ்ப்பாளைக் கழற்றிவிடுங்க என்றாள்.
அவர் தலை அங்கே நின்றது.

"முப்பத்தாறு வருஷம்
ஊரார் லாக்கர் சாவி என் பொறுப்பில இருந்துச்சு ஆசாரி.
எனக்குக் குளிக்கிற இடத்துல
ஒரு தாழ் கூடாதா?"

கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார்.
கோபமாகக் கேட்டிருந்தால்
பதில் சொல்லியிருப்பேன்.

கதவைக் கழற்றி வெளிப்பக்கம் திறக்கத் திருப்பினேன்.
காரைக்குடியில் நாலு கடை ஏறி
புதுத் தாழ் ஒன்று வாங்கி வந்தேன்.
உள்ளே போட்டால் போட்டதுதான்.
வெளியே ஒரு கீறல்,
அதில் ஒரு ரூபாய்க் காசை நுழைத்துத் திருப்பினால்
விட்டுக்கொடுத்துவிடும்.

செட்டியார் உள்ளே போய்த் தாழிட்டார்.
நான் காசைத் திருப்பினேன்.
வேட்டி சட்டையோடு, கைப்பிடியைப் பிடித்தபடி நின்றார்,
போட்டோவுக்கு நிற்கிற மாதிரி.

"நீங்க திறந்து என்ன செய்ய,
நாளைக்கு நீங்களா இருக்கப்போறீங்க?
உள்ளே போங்க, ஆச்சி திறக்கட்டும்."

போனேன். தாழிட்டேன்.
லைட் சுவிட்ச் வெளியே இருக்கிறது,
அதை இத்தனை நாள் நான் கவனிக்கவே இல்லை.

கீறலில் காசு உரசுகிற சத்தம்.
விழுந்து உருள்கிற சத்தம்.
ஆத்தங்குடிக் கல்லில் காசு
வெகுதூரம் உருளும்.
ஆச்சி குனிய வேண்டும், முட்டி மடங்காது.
குனியாதே என்று அவர். நீங்க சும்மா இருங்க என்று இவர்.
மறுபடி உரசல். மறுபடி விழுந்தது.
உள்ளிருந்து திறக்க எனக்கு ஒரு நொடி போதும்.
திறக்கவில்லை.
வாளி எங்கே இருக்கிறது என்று
என் கை தானாகத் தடவிப் பார்த்தது.

கதவு திறந்தபோது
ஆச்சியின் விரல்கள் நடுங்கிக்கொண்டிருந்தன.
"இம்புட்டு நேரமா ஆச்சு?" என்றார்.
இல்லை ஆச்சி என்று சொல்ல
வாய் வரவில்லை.

சுவிட்சை உள்ளே மாற்ற ஆள் அனுப்புவதாகச் சொன்னேன்.
மீந்த தேக்குத் துண்டில்
கைக்கு அடங்குகிற பிடி ஒன்று செதுக்கி,
அதன் வாயில் காசைப் பதித்து,
கயிறு கோத்தேன்.
ஆணி அடிக்கும் முன் ஆச்சியை நிற்கச் சொல்லி,
கை எதுவரை வலிக்காமல் எழும் என்று கேட்டு,
அந்த உயரத்தில் அடித்தேன்.
தோளுக்கு இரண்டு விரற்கடை கீழே.

கூலிக் கணக்கைச் செட்டியார் இரண்டு தடவை கூட்டினார்.
ஒரு வரி விட்டுப்போயிருக்கு என்று
பேனாவை வாங்கி அவரே சேர்த்தார்:
"காசு வகையில், ரூபாய் ஒன்று."
எழுத்து கோணிக்கொண்டு போயிருந்தது.
இடது கை.